அரசியல் அறிவியல் முதுகலை: ஆய்வேட்டை நெல்லைச் சீமையில் இருந்தே எழுத விடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில், அடுத்து என்ன படிக்கலாம் என்று மாணவர்களுக்கு வழிகாட்டும் பக்கங்களைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் என்று வரிசையாக வரும் அந்தப் பக்கங்களில் அரசியல் அறிவியல் முதுகலைக்கும் பொதுக்கொள்கைப் படிப்புக்கும் ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அந்தப் பத்தியும் ‘குடிமைப் பணித் தேர்வுக்கு உதவும் பாடம்’ என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. ஊரக வளர்ச்சித் துறையில் சேர்ந்து, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கோப்புகளுக்கு நடுவே இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி நம் பிள்ளைகளைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று எண்ணுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ பொதுக்கொள்கையோ முதுகலையில் படிக்கும் நம் பகுதி மாணவர், இறுதிப் பருவத்தில் எழுதும் ஆய்வேட்டை இந்தத் திருநெல்வேலிச் சீமையில் நடக்கும் ஓர் அரசுத் திட்டத்தையோ ஒரு பொதுச் சிக்கலையோ நேரில் பார்த்து, பதிவேடுகளைப் படித்து எழுத வேண்டும். அதற்குக் கல்லூரிகள் காலம் ஒதுக்க வேண்டும். மாவட்ட அலுவலகங்கள் பதிவேடுகளைக் காட்ட வேண்டும்.

முதலில் அந்தத் தேர்வுக் கதையை முடித்துவிடுகிறேன். குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் முதுகலை தேவையில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்குரிய 1,750 மதிப்பெண்களில் 500 விருப்பப் பாடத்துக்கு உரியவை. அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த பாடம் ஒன்றும், பொது நிர்வாகம் தனிப் பாடமாகவும் அந்த விருப்பப் பட்டியலில் உள்ளன. ஆனால் பொறியியல் படித்தவரும் கால்நடை மருத்துவம் படித்தவரும் அதே பாடத்தை எடுத்துத் தேர்வு எழுதுகிறார்கள், தேர்ச்சியும் பெறுகிறார்கள். தேர்வு ஒன்றுக்காகவே இரண்டு ஆண்டு முதுகலையில் சேரும் பிள்ளை, வகுப்பில் பிளேட்டோ நடக்கும்போது மேசைக்கு அடியில் நடப்பு நிகழ்வுகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும். தேர்வு கைகூடினால் நல்லது. கைகூடாவிட்டால் கையில் மிஞ்சுவது, தானே நம்பிப் படிக்காத ஒரு பட்டம். பயிற்சி மையத்துக்குப் போகிறவரைப் பயிற்சி மையத்துக்கே அனுப்பிவிடலாம். இரண்டு ஆண்டுகளாவது மிச்சமாகும்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அரசியல் அறிவியல் முதுகலையில் அரசியல் கோட்பாடு, இந்திய அரசியல் சிந்தனை, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், இந்திய அரசமைப்பு, பொது நிர்வாகம் ஆகியவை வழக்கமான தாள்கள். பொதுக்கொள்கை என்பது இந்த மரத்திலிருந்து கிளைத்த துறை. ஓர் அரசு ஒரு சிக்கலைச் சிக்கல் என்று எப்போது ஏற்றுக்கொள்கிறது, அதற்கு எந்தத் தீர்வைத் தேர்ந்தெடுக்கிறது, தேர்ந்தெடுத்தது களத்தில் என்ன ஆகிறது, அதன் பயனும் சுமையும் யார் யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்று ஆராய்வது அதன் வேலை. அமெரிக்க அரசியல் அறிவியலர் ஹெரால்டு லாஸ்வெல் 1951இல் ‘கொள்கை அறிவியல்கள்’ என்று இதற்குப் பெயர் கொடுத்தார். பொருளியலும் சட்டமும் புள்ளியியலும் சமூகவியலும் இதில் வந்து கலக்கும். நம் நாட்டில் இதற்கென்று தனி முதுகலைகள் பரவியது அண்மைக் காலத்தில்தான். பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் பொதுக்கொள்கை முதுகலையை 2014இல்தான் தொடங்கியது. தனியார் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஓர் ஆண்டுக் கட்டணமே லட்சங்களில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளையும் முக்கூடலில் பீடி சுற்றும் தாயின் பிள்ளையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அரிது. அவர்களில் இந்தப் பாடத்தை விரும்புகிறவர்கள் மதுரைக்கோ சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார்கள்; அரசியல் அறிவியலோடு வளர்ச்சி நிர்வாகத்தையும் ஒரே துறையில் வைத்திருக்கும் காந்திகிராமத்துக்குச் சிலர் போகிறார்கள்; வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முடிக்கிறவர்களும் உண்டு.

கற்றுத் தேர்ந்தவர்களுக்கு வேலை இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. கல்லூரி ஆசிரியப் பணிக்கு நெட் அல்லது செட் எனும் தகுதித் தேர்வில் தேர்ச்சியோடு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாயோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். மேல்நிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியலுக்கு முதுகலை ஆசிரியர்கள் உண்டு, இடங்கள் குறைவு என்றாலும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்வாகும் இளைஞர்கள் அரசுத் துறைகளில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து, பொதுக்கொள்கையில் சான்றிதழும் பெறுகிறார்கள். தன்னார்வ நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் செய்தித்தாள்களும்கூட ஒரு திட்டத்தைப் பகுத்துப் பார்த்து எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. இவற்றில் எந்த நேர்காணலுக்குப் போனாலும் ‘நீங்களாக எதை ஆராய்ந்தீர்கள்?’ என்ற கேள்வி வந்தே தீரும். அங்கேதான் ஆய்வேடு நிற்கிறது.

இந்தத் துறையில் ஆய்வு என்றால் என்ன என்பதற்கு எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். ஆனால் அவர் வாங்கிய முனைவர் பட்டம் அரசியல் அறிவியலில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்து, அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, 1965இல் முடித்த அந்த ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தம் ஊர்ப் பக்கத்து நிலத்தடி நீர். கடலோரத்தில் ஆளாளுக்கு ஆழ்துளையிட்டு இறைத்ததால் நீர்மட்டம் இறங்கி உப்பு நீர் உள்ளே ஏறியபோது, இறைத்தவர்களே கூடிப் பேசியும் நீதிமன்றத்தை நாடியும் எப்படி ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள் என்பதை அவர் பார்த்து எழுதினார். பின்னாளில் உலகெங்கும் உள்ள பாசனக் கால்வாய்களையும் காடுகளையும் மீன்பிடிப் பகுதிகளையும் பற்றி அவர் வகுத்த கருத்துகளுக்கு அடித்தளம் அங்கே விழுந்தது. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் கிணறுகள் உப்பேறிப் போவதைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைக்கு இது எத்தனை அணுக்கமான செய்தி! ஆனால் நம் மாணவர்கள் ஆஸ்ட்ரத்தின் பெயரை ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக மனப்பாடம் செய்வதோடு சரி.

தாமிரவருணியையே எடுத்துக்கொள்வோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்வதற்குள் இந்த ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. கார் எனும் முதல் நெல் பருவத்துக்குப் பாபநாசம் அணையை எந்த நாளில் திறப்பது, நீர் குறைந்த ஆண்டில் மேற்கே உள்ள கால்வாய்களுக்கு மட்டும் விடுவதா, கடைமடைக்கும் பங்கு உண்டா, அடுத்து வரும் பிசான நெல் பருவத்துக்கு எவ்வளவு நீரை இருப்பில் வைப்பது என்பன ஆண்டுதோறும் எடுக்கப்படும் முடிவுகள். விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு, நீர்வளத் துறையின் கருத்துரு, மாவட்ட ஆட்சியரின் பரிந்துரை, சென்னையிலிருந்து அரசாணை என்று அந்த முடிவு நடந்து வரும் பாதை நெடியது. இதற்கிடையே குடிநீர்த் திட்டங்கள் வேறு ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கியிருக்கின்றன. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு இரண்டு கோடி கேலன்) திட்டத்தின்மேல் வழக்கும் போராட்டமும் நடந்திருக்கின்றன. யாருக்கு முதலில் தண்ணீர், யாருக்கு மிஞ்சினால் தண்ணீர் என்று தீர்மானிப்பதைவிடச் சுத்தமான அரசியல் அறிவியல் பாடம் எந்த நூலில் இருக்கிறது? பத்து ஆண்டு நீர்திறப்பு ஆணைகளைத் தேதிவாரியாக எடுத்து, அணை இருப்போடும் மழையளவோடும் பொருத்தி, மருதூர் மேலக்கால் கடைமடையில் நாலு ஊர் விவசாயிகளிடம் பேசி ஒரு மாணவர் எழுதினால், அது நீர்வளத் துறைக்கே பயன்படும் ஆவணமாக இருக்கும்.

இதே ஆற்றோடு சேர்ந்த இன்னொரு பொருளும் உண்டு. வெள்ளக் காலத்து உபரி நீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் தாமிரவருணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. நிலமெடுப்பில் எத்தனை ஆண்டு போயிற்று, நிதி ஒதுக்கீட்டில் எத்தனை ஆண்டு, அனுமதிகளில் எத்தனை ஆண்டு என்று பிரித்துக் காட்டுவதற்குக் கொள்கைப் படிப்பில் ‘செயலாக்க ஆய்வு’ என்றே ஒரு கிளை இருக்கிறது. அமெரிக்காவில் பிரஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இருவர் ஓக்லண்டு நகரத்து வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று பணம் ஒதுக்கியும் ஏன் நினைத்தபடி நடக்கவில்லை என்று ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூல்தான் அந்தக் கிளைக்கு வித்து. நம் மாணவர்கள் ஓக்லண்டைப் படிக்கிறார்கள். வெள்ளாங்குழியில் தொடங்கும் வெள்ளநீர்க் கால்வாயைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போய் ஓக்லண்டைப் படிக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தச் சீமையை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் நினைத்துப் பார்க்கத் தக்கது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1881இல் இம்மாவட்டத்தின் அரசியல் வரலாற்றை எழுதினார். ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலர் தென்மாவட்டங்களில் ஒரு சமூகம் அரசியல் வழியாக எழுந்து வந்த கதையை ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். டேவிட் லட்டன் என்ற வரலாற்றாசிரியர் திருநெல்வேலியின் உழவையும் நீரையும் நில உரிமையையும் பற்றி எழுதிய நூல் 1985இல் வந்தது. எங்கிருந்தோ வந்து, மொழி கற்று, ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இவர்கள் செய்ததை, பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளை பேருந்துப் பயணச் செலவில் செய்ய முடியும். தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று அந்த ஊரைப் புகழ்ந்து பேசாத கல்லூரி விழா கிடையாது. புகழுக்கு ஏற்ற வேலையும் கொஞ்சம் நடந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது நடப்பது என்ன? ஆய்வேடு என்பதை மாணவர்கள் ‘புராஜெக்ட்’ என்கிறார்கள். அதற்கு ஒதுக்கப்படும் காலம், பருவத்தின் பிற தாள்களுக்கு நடுவே கிடைக்கும் மிச்சம் மீதி. கல்லூரிகளை ஒட்டிய கணினிக் கடைகளில் ‘இங்கு புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற பலகை வெளிப்படையாகவே தொங்குகிறது. தலைப்பைச் சொல்லிப் பணம் கொடுத்தால் தங்க எழுத்துப் பொறித்த கெட்டி அட்டையோடு கையில் வந்துவிடும். முன்னுரையில் ஊராட்சிகள் பற்றிய இந்திய அரசமைப்பின் 73ஆம் திருத்தம், இரண்டாம் இயலில் ஊராட்சி முறையைப் பரிந்துரைத்த பல்வந்தராய் மேத்தா குழு, மூன்றாம் இயலில் ஐம்பது பேரிடம் வாங்கியதாகச் சொல்லப்படும் வினாநிரல், கடைசியில் ‘விழிப்புணர்வு தேவை’ என்ற பரிந்துரை. வாய்மொழித் தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்து, கட்டுப்பிரதி துறை அலமாரியில் தூசிக்குப் போகும்.

பழியை மாணவர்மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. நான் பணியில் இருந்த ஓர் ஒன்றிய அலுவலகத்துக்கு, முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழோடு வந்தார். கிராம சபையில் பெண்கள் எந்த அளவுக்குப் பேசுகிறார்கள் என்பது அவருடைய தலைப்பு. ஏதேனும் இரண்டு ஊராட்சிகளின் கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேட்டார். தபால் பிரிவில் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். பிறகு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசி மேசையில் இருந்தவர், “எம்மா, ஆடிட் நடந்துக்கிட்டிருக்கு, அடுத்த மாசம் வந்து பாரு” என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வந்தபோது, புத்தகம் ஊராட்சிச் செயலரிடம் இருப்பதாகவும் அவர் பயிற்சிக்குப் போயிருப்பதாகவும் பதில் வந்தது. அந்தப் பெண் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த புள்ளிவிவரப் பலகையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். அவர் ஆய்வேட்டை எங்கே போய் முடித்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இரகசியம் எதையும் அவர் கேட்கவில்லை. கிராம சபைத் தீர்மானம் ஊர்கூடிப் போட்ட தீர்மானம்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கும் என்று வாசகர்கள் அறிய வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்கு நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டத்துக்கு அழைத்து வருவது பல ஊர்களில் வழக்கம். பதிவேட்டில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் நிறைந்திருக்கும். பெண்கள் பெயரே மிகுதி. தீர்மானப் பக்கத்துக்கு வந்தால் மேலிருந்து அனுப்பிய பொருள்கள் ஒரே நடையில், ‘மன்றம் அங்கீகரிக்கிறது’ என்ற முடிவோடு இருக்கும். பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும், மேலத்தெரு வாறுகால் (கழிவுநீர் வடிகால்), கீழத்தெரு மோட்டார், சுடுகாட்டுப் பாதை என்று ஊரார் கேட்டவை வரும். ஐந்தாறு ஆண்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரே தெருவின் வாறுகால் ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். எந்தத் தெருவின் கோரிக்கை ஓராண்டில் நிறைவேறுகிறது, எந்தத் தெருவினுடையது ஐந்தாண்டு ஆகியும் எழுத்தாகவே கிடக்கிறது என்று ஒரு மாணவர் அட்டவணை போட்டால், அந்த ஊரின் அதிகாரம் எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் மற்ற மாவட்டங்களோடு 2019இல் நடக்காமல், மாவட்டப் பிரிவினையை ஒட்டி 2021 அக்டோபரில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் கையில் இருந்த ஊராட்சிகளில் தீர்மானங்கள் எப்படி மாறின என்பது தனியே ஓர் ஆய்வுக்கு உரியது. பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய பிறகு, தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் யார், கோப்பில் கையெழுத்துக்கு முன் கருத்துச் சொன்னவர் யார் என்பதையும் அங்கே தேடலாம்.

மற்றப் பொருள்களை விரைவாகச் சொல்லி நகர்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம், 2011இல் இடிந்தகரைப் போராட்டம், 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நிபுணரும் நீதிமன்றமும் கடலோர மக்களும் ஒரே கேள்விக்கு மூன்று மொழியில் பதில் சொன்ன அந்த வரலாறு ஒரு முதுகலை வகுப்புக்கே போதும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. கூலி உயர்வு கேட்டு வந்தவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23 அன்று தாமிரவருணிக் கரையில் இறந்தார்கள். புலிகள் காப்பகமும் வன உரிமைச் சட்டமும் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அந்த ஒரே மலையில் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எச்சரிக்கை யாரிடமிருந்து யாருக்கு எந்த நேரத்தில் போயிற்று என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்க வேண்டும். பீடித் தொழிலாளர் நல நிதிக்கான தீர்வை 2017இல் ஜி.எஸ்.டி.யோடு நின்றபின் அந்தக் குடும்பங்களின் கல்வி உதவித்தொகையும் மருத்துவமும் எப்படி நடக்கின்றன என்று மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கேட்டு எழுதலாம்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெட் தேர்வின் அரசியல் அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த மாணவர் குடிமைப் பணித் தேர்வில் தமிழில் விடை எழுதலாம். ஆனால் ஆசிரியராகத் தகுதி பெற வேண்டுமானால் ஆங்கில வினாவைத்தான் படித்தாக வேண்டும். இந்த அச்சத்திலேயே தமிழில் சரளமாகச் சிந்திக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதத் துணிந்து, தங்களுக்கே புரியாத வாக்கியங்களைக் கடன் வாங்குகிறார்கள். கடைமடை விவசாயி தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, ஆங்கிலத்தில் பத்துப் பக்கச் சுருக்கம் இணைக்கலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தால் இரண்டு மொழியும் பிழைக்கும்.

அலுவலகங்களின் தயக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. ‘ஆய்வு என்று வருவான், பத்திரிகைக்குக் கொடுத்துவிடுவான்’ என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் பக்கங்களை வெளியாருக்குக் காட்டக் கூடாது; அதில் இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி மதிப்பீடு, நீர்திறப்பு ஆணை ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியல் போட்டிருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பதிலுக்கு முப்பது நாள், மேல்முறையீட்டுக்கு மேலும் நாள் என்று போனால் ஒரு பருவமே முடிந்துவிடும். கல்லூரி நிர்வாகங்களுக்கோ ‘அரசியல்’ என்ற பெயரைக் கேட்டாலே கட்சிக் கொடி நினைவுக்கு வருகிறது. ஓர் ஊராட்சியின் கணக்கைப் பொறுமையாகப் படித்துக் குறையையும் நிறையையும் ஒருசேர எழுதப் பழகிய மாணவர்தான் மேடைப் பேச்சுக்கு எளிதில் மயங்காதவராக இருப்பார் என்பது என் அனுபவத்தில் கண்டது.

எனவே மாவட்ட ஆட்சியர்கள் ஒரு சுற்றறிக்கை விடலாம். துறைத்தலைவரின் கையொப்பமுள்ள கடிதத்தோடு வரும் முதுகலை மாணவருக்கு, தனிநபர் விவரம் நீங்கலான பதிவேடுகளை அலுவலக நேரத்தில், ஓர் அலுவலர் முன்னிலையில் பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். நிதிச் செலவு எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் இறுதிப் பருவத்தில் தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆய்வேட்டுக்கு உரிய நாள்களை வாரத்தில் முழு நாள்களாகவே ஒதுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளரோ ஊராட்சித் தலைவரோ ஒருவர் உட்கார்ந்தால், கடையில் வாங்கிய புராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். தேறிய ஆய்வேடுகளின் ஒரு படியைப் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டு மாணவர் அதே ஊருக்குப் போகும்போது முந்தியவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நெல்லைப் பதிப்பில் மாதம் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கி, இப்படி எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒன்றின் சுருக்கத்தை, எழுதிய மாணவரின் பெயரோடும் சம்பந்தப்பட்ட துறையின் பதிலோடும் வெளியிட முடியுமா என்று ஆசிரியர் குழு எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சுருக்கங்களைப் படித்துத் திருத்தித் தரும் வேலைக்கு என்னைப் போல ஓய்வில் இருக்கும் அலுவலர்கள் சிலர் ஊதியம் ஏதுமின்றி வரத் தயாராக இருக்கிறோம்; சேரன்மகாதேவியிலிருந்து தங்கள் அலுவலகத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊரக வளர்ச்சித் துறை ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்,
சேரன்மகாதேவி.